வாசிக்காமல் விட்ட வரிகள்

ஐம்பதைத் தாண்டிய நாம் நாலு பேர் எங்காவது கூடினால் இரண்டு விஷயம்தான் பேசுகிறோம். ஒன்று சுகர். இன்னொன்று பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ். போன மாதம் கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில், என்னோடு ஆறாம் வகுப்பில் படித்த மூன்று பேரைப் பார்த்தேன். இலை போட்டதிலிருந்து பாயசம் வரும்வரை அதே பேச்சு. ஒருத்தி நகையை அடகு வைத்திருக்கிறாள். ஒருத்தன் வீட்டுப் பத்திரத்தைப் பேங்கில் கொடுத்திருக்கிறான். இவ்வளவு கொட்டிப் படிக்க வைப்பது பிரயோசனம்தானா என்று என்னிடமும் கேட்டார்கள். நான் மோரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். பதில் சொல்லத் தொடங்கினால் ஒரு வருசத்துக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். பந்தியில் அதற்கு இடமில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

நாம் ஆறாம் வகுப்பில் இருந்த வருசம் அது. நாகலாபுரத்துக்குக் கிழக்கே, மழை பெய்தால் பஸ் உள்ளே வராத ஊர் எங்களுடையது. கரிசல் ஈரமானால் காலில் செருப்புப் போட்டது மாதிரி மண் அப்பிக்கொள்ளும். பள்ளிக்கூட வாசலில் ஒரு கல்லைப் போட்டிருந்தார்கள், அதில் காலைத் தேய்த்துவிட்டு உள்ளே போக வேண்டும். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். அய்யா, அம்மா, அண்ணன், நான். அண்ணனுக்கும் எனக்கும் ஆறு வயசு வித்தியாசம். அந்த வருசம் அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். கணக்கில் ஊரே பேசுகிற மாதிரி மார்க். ஆனி மாதம் ஒருநாள் அவனுடைய கணக்கு வாத்தியார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துக்கொண்டே, மதுரைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு தனியார் எஞ்சினியரிங் காலேஜ் திறந்திருக்கிறார்கள், அரசாங்கக் காலேஜில் இடம் கிடைக்காவிட்டாலும் பணம் கட்டினால் அங்கே சேர்த்துக்கொள்வார்கள் என்று சொன்னார்.

"பையன் புத்திக்கு இங்கன கிடந்து புழுதி திங்கணும்னு இல்ல. பாத்துக்கோங்க" என்றார்.

அய்யா எவ்வளவு என்று கேட்டார். வாத்தியார் சொன்னார். அய்யா திரும்பக் கேட்கவில்லை. டம்ளரை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வாத்தியாரின் சைக்கிளைத் தானே தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது முடிவு செய்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நேரத்தில் அண்ணன் எங்கே இருந்தான் என்று யோசித்துப் பார்க்கிறேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

எங்களுக்கு நாலே முக்கால் ஏக்கர். அதில் நாலு ஏக்கர் ஒரே துண்டாக ஊருக்கு வடக்கே கிடந்தது. வடக்குப் புஞ்சை என்போம். பருத்தியும் கொத்தமல்லியும் மிளகாய் வத்தலும் மாறி மாறி விளையும். மாசி மாதம் மல்லி அறுத்துப் போட்டிருக்கும் களத்தில் படுத்துக் கிடந்தால் சட்டையெல்லாம் அந்த வாசம் ஏறி, இரண்டு துவைப்புக்குப் பிறகும் போகாது. ஆடியில் அந்தப் புஞ்சையைக் காலேஜ் பணத்துக்காக வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்று எழுதிக் கொடுத்தார்கள். மீதி, ஓடைக்கரையில் முக்கால் ஏக்கர்.

பத்திர ஆபீசுக்கு நானும் போனேன். கலர் சோடா வாங்கித் தருவதாக அய்யா சொல்லியிருந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட எங்களிடம் வருசா வருசம் வத்தல் வாங்குகிற வியாபாரி வந்திருந்தார். பாய் என்றுதான் கூப்பிடுவோம், பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, போடாமல் நின்றார்.

"அண்ணாச்சி, பையனைக் கேட்டீங்களா?"

"என்னத்தைக் கேக்க?"

"அவனுக்கு இதுல இஷ்டமான்னு."

"சின்னப் பய பாய் அவன். அவன்ட்ட என்ன கேக்க" என்று அய்யா சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். எனக்கு ஆரஞ்சுக் கலரை அவர்தான் வாங்கிக் கொடுத்தார். அது சூடாக இருந்தது. அன்றைக்கு வீட்டில் யாரும் அழவில்லை. அம்மா கத்திரிக்காய் புளிக்குழம்பு வைத்தாள். எல்லோரும் சாப்பிட்டோம்.

ஆவணியில் அண்ணன் கிளம்பினான். பச்சை பெயிண்ட் அடித்த டிரங்குப் பெட்டி ஒன்று, அதன் மூடியில் வெள்ளை எழுத்தில் அவன் பெயர். அந்தப் பெட்டி பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. பஸ் வந்ததும் அவன் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு ஏறினான். அய்யா கூடவே போய்ச் சேர்த்துவிட்டு மறுநாள் வந்தார். கட்டடம் இன்னும் முடியவில்லை, சுவருக்குப் பூச்சு இல்லை, ஆனால் தண்ணீர் வசதி இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு கடிதங்கள்.

அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. அய்யா மூன்றாம் வகுப்பு. பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். கையெழுத்துக் கடிதமெல்லாம் அவரால் முடியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதனால் வாசிப்பது என் வேலை ஆயிற்று. நீலநிற இன்லாண்ட் கடிதம். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பல்புக்கு நேர் கீழே என்னை உட்கார வைப்பார்கள். அய்யா கயிற்றுக் கட்டிலில் ஒரு காலை மடக்கி உட்காருவார். அம்மா சொளகில் பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுவாள். அந்தச் சத்தம் நின்றதும் நான் தொடங்க வேண்டும். வாசித்து முடித்ததும், சுவரில் தொங்கும் கம்பியில் கடிதத்தைக் குத்தி வைக்க வேண்டும்.

எனக்கு அது பிடித்திருந்தது. அதுவரை அந்த வீட்டில் நான் சொல்வதை யாரும் நின்று கேட்டதில்லை.

முதல் இரண்டு கடிதத்தில் ஒன்றுமில்லை. நலம், நலமறிய ஆவல், சோறு பரவாயில்லை, பக்கெட் வாங்கினேன். மூன்றாவது கடிதம் புரட்டாசியில் வந்தது. மேலே வழக்கம்போல அய்யா அம்மாவுக்கு என்று நாலு வரி. அதற்குக் கீழே, மடித்து ஒட்டுகிற இடத்தில், பொடி எழுத்தில் எனக்கு எழுதியிருந்தான். வரிக்கு வரி இன்றும் சொல்வேன்.

'தங்கச்சி, பாடம் எல்லாம் இங்கிலீஷில் நடத்துகிறார்கள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறேன், என்ன எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கேள்வி கேட்டு எழுப்பி விடுகிறார்கள். பீரியட் முடியும்வரை நின்றுகொண்டே இருக்கிறேன். நான் ஊருக்கு வந்துவிடுகிறேன். அய்யா கோபமில்லாமல் இருக்கும் நேரம் பார்த்து நீ சொல்லு.'

நான் மேலே இருந்த நாலு வரியை வாசித்தேன். பிறகு நிறுத்தினேன்.

"அவ்வளவுதானாட்டி?" என்றாள் அம்மா. "கீழே என்னமோ எழுதியிருக்கே."

"வாசிட்டி" என்றார் அய்யா.

வாய் தானாகத் திறந்தது. காலேஜில் பெரிய மிஷின் ஒன்று இருக்கிறது, அதில் இரும்பைக் கொடுத்தால் வெண்ணெய் மாதிரி வெட்டும், அண்ணன் அதை ஓட்டப் பழகுகிறான் என்று வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு போடுகிறார்கள் என்றும் வாசித்தேன்.

"வெண்ணெய் மாதிரியா?" என்று அம்மா பதறினாள். "கைய வச்சிரப் போறான். பாத்து ஓட்டச் சொல்லி எழுதுட்டி."

அய்யா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அந்த வாரம்தான் அவர் வடக்குப் புஞ்சையில் விதைப்புக்குக் கூலிக்குப் போய்விட்டு வந்திருந்தார். நிலத்தை வாங்கியவர் கூப்பிட்டிருந்தார், நிலம் பழகிய கை வேண்டும் என்று. தனக்குச் சொந்தமாக இருந்த மண்ணில் விதைத்துவிட்டுக் கூலி வாங்கி வந்த மனிதரிடம், உங்கள் மகன் நின்றுகொண்டே இருக்கிறான் என்று எப்படி வாசிப்பது? இப்படி இப்போது எழுதுகிறேன். அப்போது நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. அடி விழும் என்று பயந்தேன். எல்லோரும் நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது நின்றுவிடும் என்றும் பயந்தேன். அவ்வளவுதான் உண்மை.

நான்காவது கடிதத்திலும் அதே பொடி எழுத்து. 'சொன்னாயா? பதில் வரவில்லையே.' அதற்கு நான், ஹாஸ்டலில் ஃபேன் போட்டிருக்கிறார்கள் என்று வாசித்தேன். மறுநாள் காலை டீக்கடையில் அய்யா அதைச் சொல்லியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேர் என்னிடம் அந்த ஃபேனைப் பற்றிக் கேட்டார்கள். அய்யாவை அதற்குள் எஞ்சினியர் அப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கேலியாகத்தான். ஆனால் அவர் திரும்பிப் பார்ப்பார்.

தீபாவளிக்கு அண்ணன் வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. படம் வரைவதற்காக வாங்கிய டிராஃப்டர் என்ற கருவியைக் கையோடு கொண்டு வந்திருந்தான். இரண்டு ஸ்கேலும் இரும்புக் கம்பிகளுமாக மடங்கி விரியும். அம்மா அதை வாங்கிச் சாமி படத்துக்கு முன் வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஸ்கேலில் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டதைச் சுரண்டிச் சுரண்டி எடுத்துக்கொண்டே, கிணற்றுப் பக்கம் வா என்று என்னைக் கூப்பிட்டான்.

"சொன்னியாட்டி?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல."

"கோவப்பட்டாவளா?"

"இல்ல. சும்மா இருந்தாவ."

அவன் தலையை ஆட்டினான். கிணற்றில் தண்ணீர் மேலே ஏறியிருந்தது, நல்ல மழை அந்த வருசம். மத்தியானம் சாப்பிடும்போது அய்யாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டான். அய்யா இரண்டாம் முறை கறி வைக்கச் சொல்லிவிட்டு, "நல்லா படிலே" என்றார். அண்ணன் "சரிய்யா" என்றான். மறுநாள் பஸ் ஏறிவிட்டான்.

கார்த்திகை பாதியில் கடிதங்கள் மாறின. பொடி எழுத்து இல்லை. எனக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. பாடம் இப்போது புரிகிறது, நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள், உடம்பு நன்றாக இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். நான் மறைக்க ஒன்றுமில்லாமல் முழுக் கடிதத்தையும் வாசித்தேன். அம்மா இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னாள். அய்யா கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கேட்டார். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. நான் இட்டுக்கட்டியதெல்லாம் உண்மையாகிவிட்டது என்றே நம்பினேன். ஃபேனும் வந்திருக்கும் என்றுகூட நினைத்தேன். தைப் பொங்கலுக்கு அண்ணன் வரவில்லை. படிக்க நிறைய இருக்கிறது என்று எழுதியிருந்தான். அதையும் வாசித்தேன்.

அந்த வருசத்துக் கதை அதோடு முடிந்தது. பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் நாலு வருசமும் அங்கே இருந்தான். முடித்து வரும்போது பதினோரு பேப்பர் பாக்கி. மூன்று வருசம் போய்ப் போய் எழுதினான். பிறகு போகவில்லை. பட்டம் வாங்கவே இல்லை. கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஹெல்பராக இருந்துவிட்டு, கோவில்பட்டிக்கு வந்து மோட்டார் ரீவைண்டிங் கடை போட்டான். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் பிரித்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற கடை. அம்மா சாகும்வரை அவனை எஞ்சினியர் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் திருத்தவில்லை. எனக்குப் பத்தாம் வகுப்போடு நின்றது. வடக்குப் புஞ்சையை ஒரு தடவைதான் விற்க முடியும். நான் அங்கன்வாடி வேலைக்குப் போனேன், இன்றும் போகிறேன்.

அய்யா நாலு வருசத்துக்கு முன் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அண்ணனின் கடைக்குப் போனேன். அவன் ஒரு மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். வார்னிஷ் வாடை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன்.

"அண்ணே, நீ எழுதினதை அய்யாகிட்ட நான் சொல்லவே இல்ல. சொன்னேன்னு உன்கிட்ட சொன்னது பொய்."

அவன் சுற்றுவதை நிறுத்தவில்லை. சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடித்துவிட்டு, "தெரியும்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"அய்யா வந்தாவ. காலேஜுக்கு."

அந்தக் கார்த்திகையில் மாடு பார்க்கப் போகிறேன் என்று அய்யா ஒருநாள் போய்விட்டு வந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. மாடு வாங்காமல் வந்தார். அவர் போனது காலேஜுக்கு. பூச்சில்லாத சுவரோரம் அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து அந்த மூன்றாவது கடிதத்தை எடுத்திருக்கிறார்.

"உன் எழுத்தைப் பாக்கணும்போல இருந்துச்சுலே. கம்பில இருந்து எடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்க நாலு நாள் ஆச்சு" என்று சொல்லியிருக்கிறார். "பிள்ளை வேற என்னமோ வாசிக்குது. நீ எழுதினது வேற."

அண்ணன் அழுதிருக்கிறான். வந்துவிடுகிறேன் என்று அய்யாவின் கையைப் பிடித்திருக்கிறான்.

"வந்து எங்கன நிப்ப? புஞ்சை இல்ல. நானே கூலிக்குப் போறேன். நீயும் என்கூட வாரியா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் பிடித்த கையை விட்டிருக்கிறான். பிறகு அய்யா கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, "இனிமே அவகிட்ட இப்படி எழுதாதே. சின்னப் பிள்ளை, பொய் சொல்லிப் பழகிரும்" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் பெரிய எழுத்துக் கடிதங்கள். அப்படியென்றால் அந்தக் கடிதங்களில் நான் வாசித்தது பொய் என்று எனக்குத் தெரியாது, கேட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்த அய்யாவுக்குத் தெரியும். கேட்டவர்களில் அம்மா ஒருத்திதான் உண்மையென்று நம்பிக் கேட்டிருக்கிறாள்.

"இத்தனை வருசம் ஏன்ணே என்கிட்ட சொல்லல?"

"சொல்லி என்ன செய்ய" என்றான் அண்ணன். கம்பியை வெட்டி முனையைச் சுரண்டினான். "அங்க ஒர்க்‌ஷாப்புல ஒருத்தர் தமிழ்ல சொல்லிக் கொடுப்பார். மோட்டாரைப் பிரிக்க அவர்ட்டதான் படிச்சேன். நாலு ஏக்கருக்கு அது வந்துச்சு."

அவன் கசப்பாகச் சொல்லவில்லை. விலை சொல்வது மாதிரி சொன்னான். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

இந்த வருசம் என் மகள் பன்னிரண்டு முடித்தாள். எனக்குக் காலம் தாழ்த்திப் பிறந்தவள், ஒரே பிள்ளை. திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் காலேஜில் கம்ப்யூட்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது. அவர்கள் கொடுத்த தாளில் படிப்புக்கு ஒன்று, ஹாஸ்டலுக்கு ஒன்று, எதற்கென்று புரியாத பெயரில் இன்னும் மூன்று என்று தொகைகள் இருந்தன. விற்க எங்களிடம் புஞ்சை இல்லை. பேங்கில் கல்விக்கடன் போட்டோம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அண்ணனிடம் கேட்டேன், சேர்க்கலாமா என்று. எனக்குத் தெரியாது என்றான். மகளிடமும் கேட்டேன். அவள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், "எல்லாரும் போறாங்கம்மா" என்றாள். கையெழுத்துப் போட்டேன். அவள் பெயரும் அதில் இருக்கிறது. இந்தக் காலத்தில் கடனைப் பிள்ளையின் பெயரிலேயே எழுதிவிடுகிறார்கள்.

சேர்ந்து மூன்று வாரம் தினமும் ஃபோனில் பேசினாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லா இருக்கும்மா என்பாள். சாப்பாடு நல்லா இருக்கு, ரூம் நல்லா இருக்கு, கிளாஸ் நல்லா இருக்கு. நான்காவது வாரம் ஒரு சனிக்கிழமை அவளிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். கேட்டில் பெயர் எழுதி, கையெழுத்து வாங்கி, விசிட்டர் ஹாலில் உட்கார வைத்தார்கள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மகள் வந்தாள்.

"என்னம்மா திடீர்னு?"

"சும்மாதான்ட்டி. பாத்துட்டுப் போலாம்னு."

வெளியே கூட்டிப்போய் ஒரு ஹோட்டலில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அவள் பிய்த்துத் தின்றாள். நான் அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பரோட்டாவில் கை நின்றது. சால்னாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு சப்ஜெக்ட் சுத்தமா புரியலம்மா."

"சரி" என்றேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அடுத்து நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். நாற்பது வருசமாக, அண்ணன் எழுதிய இந்த ஒரு வரியைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். யாராவது இதை என்னிடம் சத்தமாகச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று இத்தனை நாளில் நான் யோசித்து வைத்திருக்க வேண்டும். யோசித்து வைத்திருக்கவில்லை. "இன்னொண்ணு வைக்கச் சொல்லட்டுமாட்டி?" என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கை கழுவிவிட்டு வந்து, ஈரக் கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.